நகர்ந்த பள்ளிவாசலும் நகராத படித்துறையும்

எங்கள் பாலிஹாஸ் திட்டில் வரைபடம் வைத்திருக்கும் ஒரே ஆள் தோபாரக் பாய். துணியில் ஒட்டிய பழைய கிராமப் படம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மேக்னா ஆறு எதைத் தின்றது, எதைக் கக்கியது என்று அதன்மேல் பென்சிலால் போடுவார். கிழக்கு மூலை மட்டும் வெறுமையாகக் கிடக்கும். கேட்டால், "பென்சில் முனை ஒடைஞ்சிருச்சு" என்பார். ரெண்டு வருஷமாகவா ஒடைந்து கிடக்கும்? ஏழு முறை வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றிய மனுஷன், அதனால் நானும் நோண்டவில்லை.

போன குளிர்காலத்தில் ஜொய்குனின் நிலத்தை அளக்க சர்வேயர் வந்தார். இருபது வருஷம் ஆற்றுக்குள் கிடந்த நிலம் மேலே வந்துவிட்டது என்று ஊரே பேசியது. எங்கே என்று படத்தில் காட்டினால் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். பாவம், புருஷனை இழந்தவள். இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் குடித்தனம்.

படத்தில் பள்ளிவாசல் இருந்தது. எதிரே பள்ளிவாசலும் இருந்தது. சர்வேயர் அங்கிருந்து அளவுச் சங்கிலியை இழுத்தார். கணக்கு நடு ஆற்றில் போய் விழுந்தது.

"உங்க நிலம் இன்னும் தண்ணிக்குள்ளதாம்மா இருக்கு."

ஜொய்குன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

என் டீக்கடையில் நின்ற தோபாரக் பாய் கிளாஸை வைத்தார். "ஐயா, அந்தப் பள்ளிவாசல் மூணு தடவை படகுல போயிருக்கு. நானே தூக்கியிருக்கேன், தோள் இன்னும் வலிக்குது."

"பள்ளிவாசல் எங்கயாச்சும் நகருமாய்யா?"

"இங்க நகராதது எது? உங்க படகு கட்டுன முளையே சாயுது பாருங்க!"

சர்வேயர் திரும்பிப் பார்க்க, எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தகரப் பள்ளிவாசலைத் தூக்கினோமே தவிர, அதன் செங்கல் படித்துறையை யாராலும் தூக்க முடியவில்லை. பழைய இடத்திலேயே அது மூழ்கிக் கிடப்பது மீனவர்களுக்குத் தெரியும். அங்கே வலை கிழியாத நாளில்லை, அதற்கு விழாத வசவுமில்லை. பாய் படகில் போய் மூங்கிலை இறக்கினார். ணங்!

அங்கிருந்து மறுபடி அளந்தார்கள். சங்கிலி கரையேறி, மிளகாய்ப் பாத்தியைத் தாண்டி, தோபாரக் பாயின் அடுப்படிக்குள் போய் நின்றது. அவர் வீடு இருப்பதே ஜொய்குனின் நிலத்தில்!

நான் அவர் பக்கம் திரும்பினேன். "யோவ் பாய், இது உமக்கு முன்னாடியே தெரியுமா?"

"படம் போடுறவனுக்குத் தெரியாதா? வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். அவ உட்கார்ந்ததப் பார்த்தேன், முடியலடா."

அன்றே கூரைத் தகரத்தைக் கழற்ற ஏணி வைத்தார். ஜொய்குன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க பாய். ஆறு வந்து நம்மள எழுப்புற வரைக்கும் இதே நிலத்துல நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். படத்துல மட்டும் என் பேரைப் போடுங்க."

வெறுமையாகக் கிடந்த மூலையில் போட்டார். பென்சிலால் அல்ல, என் கடைப் பேனாவைப் பிடுங்கி, மையால். பேனா இன்னும் திரும்பி வரவில்லை.