மாரக்காளின் எருதுமணி

மலைத்தடம் தொடங்கும் இடத்தில் எருதை நிறுத்தி, மாரக்காள் அதன் கழுத்து மணிக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். மணியின் நாக்கைத் தட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்த பிறகுதான் எருதை ஏறவிடுவாள். காலையிலேயே பார்த்தாயே என்றால், "வழியில ஏதாச்சும் அடைச்சிருந்தா?" என்பாள்.

என் தங்கை உப்பு வியாபாரி. ஆட்டையாம்பட்டிச் சந்தையில் உப்பு வாங்கி, எருதின்மேல் பொதியேற்றிப் போதமலைக்குக் கொண்டுபோவாள். மேலே வண்டி போகாது. உப்பைக் கொடுத்துத் தினையும் கடுக்காயும் வாங்கி இறங்குவாள். குட்டையான உடம்பு, நடையில் எருதையே முந்துவாள். படியைக் குவித்துத்தான் அளப்பாள். "தலை தட்டி அளந்தா உப்பு அழுவுமுங்க" என்பாள். சந்தையில் அவளுக்கு வழிவிடாத ஆள் கிடையாது. மலைக்காரர்களும் அவள் மணிச் சத்தம் கேட்டால்தான் குடிசையைவிட்டு வருவார்கள். வெறும் காலடிக்கு வரமாட்டார்கள்.

நாற்பத்திரண்டு ஆவணியில், வெள்ளையனே வெளியேறு கிளர்ச்சியின்போது, எங்கள் பக்கத்தில் யாரோ தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அடிபட்டது அடிவாரத்து ஊர். போலீஸ் வீடுவீடாக நுழைந்தது. ஜனங்கள் பிள்ளைகளோடு மலையேறிக் குகையில் ஒளிந்தார்கள். தடத்தில் காவல் போட்டார்கள். தானியம் மேலே போகக்கூடாது என்று உத்தரவு. பசித்தால் தாமாக இறங்கிவருவார்கள் என்ற எண்ணம்.

பொன்னாத்தாள் என்பவள் குகையிலேயே பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் சுரக்கவில்லை என்று தேன் எடுக்கிறவன் ஒருவன் வந்து சொன்னான். மாரக்காள் அன்றே ராகிமாவு, கருப்பட்டி, சுக்கு எல்லாம் பொதியில் கட்டினாள். மணிக்குள் வைக்கோலைத் திணித்தாள். காவலுக்குத் தெரியாமல் ஓடைவழியாக ஏறினோம்.

"அண்ணா, உன் செருப்பு ஊரைக் கூட்டுது. கழட்டு."

கழற்றினேன்.

குகையில் ஆளில்லை. அடுப்புக் கல் இன்னும் சுட்டது. தூளிச் சேலை மட்டும் வேரில் ஆடிக்கொண்டிருந்தது.

மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "மணியில்லாம வந்தா போலீசுன்னுதான ஓடுவாங்க! ஏறுனதும் வைக்கோலை எடுக்க மறந்துட்டேனே."

மேலே செங்குத்துப் பாறை, தண்ணீர் கிடையாது. குரல் கொடுக்கவும் வழியில்லை. இதற்குமுன் போலீசும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஏய்க்கப் பார்த்திருந்தது. பச்சை உடம்புக்காரி இன்னும் எவ்வளவு தூரம் ஏறுவாள்?

மாரக்காள் வைக்கோலைப் பிடுங்கினாள்.

"அம்மிணி, கீழ கேக்கும்!"

"மேல கேக்கோணுமில்ல? பயமா இருந்தா நீ ஊட்டுக்குப் போண்ணா."

மணியை இரண்டு கையாலும் ஆட்டினாள். காத்திருந்தோம். காற்றுதான் வந்தது. மறுபடி ஆட்டினாள்.

ஒரு புதர் அசைந்தது. செங்கோட்டையன் என்ற கிழவர் தலையை நீட்டினார். "ஏ உப்புக்காரி! சத்தங்காட்டாம வந்து எங்களை உச்சிக்கே முடுக்கப் பாத்தியே!"

"தப்புத்தானுங்க சாமி. பிள்ளைக்காரி எங்கீங்க?"

பொன்னாத்தாளைத் தாங்கி அழைத்துவந்தார்கள். கருப்பட்டியைக் கடிக்கக்கூட அவளுக்குப் பலமில்லை. மாரக்காள் அதைக் கல்லில் நுணுக்கி, மாவோடு பிசைந்து ஊட்டினாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை நான் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கினபோது ஓடை முகத்தில் இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள்.

"மேல மணி கேட்டுதே, என்ன விசேஷம்?"

"மாடு மிரண்டு ஓடுச்சுங்க சாமி."

"உன் மாடு மாவு திங்குமோ?" என்று ஒருவன் காலிச் சாக்கைத் தட்டினான். மாவு பறந்தது. எருதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாரக்காள் வீட்டுக்கு வந்து மடியை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன்: இறங்குமுன்பே மணியைக் கழற்றி அதில் முடிந்து வைத்திருந்தாள்.

மறுவாரம் மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னமும் போறியா?" என்றேன்.

"பால் ஊறுச்சான்னு பாக்கோணுமில்ல?"

ஓடைக்கரை வரை கூடப் போனேன். அங்கே நின்று, மடியிலிருந்த மணியை எடுத்து வைக்கோலைத் திணித்தாள். ஒரு வைக்கோல் தாளின் நுனியை மட்டும் நீளமாக வெளியே விட்டு, அதைத் தன் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.