பல்லவிக்கு முன் ஒரு தடுமாற்றம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் மைத்துனர் கேலியாக வைத்த ‘தூசி’தான் நிலைத்தது. தூசியைக் கண்டால் ஆகாது, அதனால் தூசி. வீட்டுக்கு யார் வந்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்பே அவர் பார்வை வந்தவரின் விரல்களுக்குப் போய்விடும். பிசுக்கு இருக்கிறதா, வியர்வை இருக்கிறதா? கூடத்தை ஒட்டிய சின்ன அறை முழுக்க அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள்தான் காரணம்.

அவை பெரிய தட்டுகள் அல்ல. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்ன சிங்கிள்கள். போஸ்ட்-பங்க், நியூ வேவ் என்று சொல்லப்படும் மேற்கத்திய ராக் வகை. அதிலும் பெயரெடுத்த குழுக்கள் அவருக்கு வேண்டாம். கையில் கிடைத்த கருவிகளோடு நாலு பேர் சேர்ந்து, ஒரே ஒரு சிங்கிள் வெளியிட்டு, உறையைத் தாங்களே வெட்டி ஒட்டி, அது கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சண்டை போட்டுக் கலைந்துபோனவர்கள்தான் வேண்டும்.

வேலை தேடி அலைந்த வயதில் பழைய சாமான் கடையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினார். அதோடு கொசுறாக வந்த பெட்டியில் இருந்த முதல் தட்டை வைத்தபோது, ஒரு பெண் ‘கதவைப் பூட்டினேனா, பூட்டினேனா’ என்று மூச்சு வாங்கக் கத்திக்கொண்டிருந்தாள். பாதிப் படி இறங்கியபின் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். நம்ம ஆளு என்று அப்போதே தோன்றிவிட்டது.

அவரிடம் இருந்தவற்றில் மிக அரியது, அவர் இருக்கும் ஊரிலேயே ஒரு காலத்தில் பதிவான ஒரு தட்டு. உறையில் இரும்புப் படிக்கட்டில் நிற்கும் இரண்டு இளம் பெண்களின் மங்கலான படம். பெயர் எதுவும் அச்சிடவில்லை. அந்தப் பாட்டில், பல்லவி தொடங்குவதற்குச் சற்று முன் ட்ரம்ஸ் ஒரு கணம் காணாமல் போகும். படி தவறிய கால் மாதிரி தடுமாறி, பிறகு ஓடிவந்து பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு இடத்துக்காகவே அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். வேண்டுமென்றே செய்த நுணுக்கம் என்று மற்ற சேகரிப்பாளர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஓர் அம்மா, மேசைமேல் இருந்த அவருடைய கைபேசியை உற்றுப் பார்த்தார். திரையில் அந்த உறையின் படம்.

“தம்பி, இது எங்க மாடிப்படியாச்சே. இது ஏது உங்ககிட்ட?”

“உங்க மாடிப்படியா? மேடம், நீங்க...”

“இடது பக்கம் நிக்கிறது நான்தான். ட்ரம்ஸ் வாசிச்சேன்.”

தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. முதலாளி நிமிர்ந்து முறைத்தார்.

அந்த அம்மாவிடம் தட்டு இல்லை. அது வந்த வாரத்திலேயே அவருக்கும் படத்தில் கூட நிற்கும் பாட்டுக்காரிக்கும் பேச்சு நின்றுவிட்டதாம். பல்லவிக்கு முன் விழுந்த ஓட்டை யாரால் என்பதுதான் சண்டை. நீ பிந்தினாய் என்று பாட்டுக்காரி சொல்ல, நீ முந்தினாய் என்று இவர் சொல்ல, அதோடு சரி. இருவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். எதிரில் வந்தால் ஒருவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

“ஞாயித்துக்கெழமை அதை எடுத்துட்டு அவ வீட்டுக்கு வாங்க தம்பி. ஆள்விட்டு அவகிட்ட சொல்லி வெக்கிறேன், கேக்க வெச்சிடலாம். தப்பு யாருதுன்னு தெரிஞ்சிடும்.”

அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதன்முறையாக ஒரு நீதிபதியைப் போலக் கேட்டபோது புரிந்துவிட்டது. பாட்டுக்காரி சரியான இடத்தில்தான் தொடங்கியிருந்தார். பிந்தியது ட்ரம்ஸ். நுணுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அழைத்தவரே குற்றவாளி.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“கேட்டா உண்மையச் சொல்லிடுங்க,” என்றார் மனைவி.

“சொன்னா அந்தம்மா மனசு ஒடிஞ்சுபோயிடும்.”

“அப்ப பொய் சொல்லுங்க.”

“என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.”

“அப்ப வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்லயே கெடங்க.”

“நிஜமாவே வயிறு வலிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சூட்டில் தட்டு நெளிந்துவிடும் என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, துணியால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டு ஊசியை நம்ப முடியாது என்பதால் கையடக்கமான தன் பிளேயரையும் தோளில் மாட்டிக்கொண்டார். “நம்ம பொண்ணைக்கூட நீங்க இப்படித் தூக்கிட்டுப் போனதில்ல,” என்றார் மனைவி. பேருந்தில் நிழல் விழும் பக்கத்தில் இடம் இருந்தது. ஒரு திருப்பத்தில் வெயில் அந்தப் பக்கம் வந்தது. எழுந்து மாறினார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் மாறினார். பக்கத்தில் இருந்தவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ட்ரம்ஸ் அம்மா வாசலில் காத்திருந்தார். கதவைத் திறந்த பாட்டுக்கார அம்மா பழைய தோழியை மேலும் கீழும் பார்த்தார்.

“வந்துட்டியா? லேட்டாத்தான் வருவேன்னு எனக்குத் தெரியும்.”

“பாத்தீங்களா தம்பி, ஆரம்பிச்சுட்டா.”

உள்ளே மின்விசிறி ஓடியது. தூசி பறக்குமே என்று அதை நிறுத்தச் சொன்னார். மூவருக்கும் வியர்த்தது. தட்டை விளிம்பில் பிடித்து வைத்து, பிரஷால் துடைத்து, ஊசியை இறக்கினார். இரண்டு பெண்களும் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கார அம்மாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்த இடம் வந்தது, போயிற்று.

“கேட்டியா?”

“கேட்டேன். நீதான் அவசரப்பட்ட.”

“உனக்குக் காது இருக்கா இல்லையா? தம்பி, நீங்களே சொல்லுங்க.”

அவர் ஒரு வாய் தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தார். குடிக்கிற நேரத்தில் யாராவது தட்டைத் தொட்டுவிட்டால்?

“ட்ரம்ஸ்... ட்ரம்ஸ்தான் கொஞ்சம் லேட்டுக்கா,” என்றார் தரையைப் பார்த்து. “ஆனா அந்த இடத்தைக் கேக்கத்தான் நான் இதை இத்தனை நாளாப் போடறேன். நீங்க வேணும்னே செஞ்சதுன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

ட்ரம்ஸ் அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கை நடுங்கிடுச்சு,” என்றார் கடைசியில். “ஒரு தடவைதான் வாசிக்க விடுவோம்னு அந்த ஸ்டுடியோக்காரன் சொல்லிட்டான். குச்சி கையில நிக்கல.”

“பயமா? உனக்கா? எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னதே நீதானடி!”

“அதான். தைரியம் சொன்னவ பயந்தேன்னு எப்படிச் சொல்றது? நீ முந்திட்டேன்னுட்டேன்.”

பாட்டுக்கார அம்மாவுக்கு முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று தூசி பயந்தார். ஆனால் அந்த அம்மா, “இன்னொரு தடவை போடுங்க தம்பி, கேப்போம்,” என்று சொல்லிக்கொண்டே பிளேயரின் ஊசிக்கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார். கர்ரென்று ஒரு சத்தம். அது தூசியின் எலும்புக்குள் கேட்டது.

“ஐயையோ, கீறிட்டேனா?”

“பரவாயில்லக்கா,” என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே, “ஒரு பொருளைத் தொடத் தெரியுதா உனக்கு?” என்று ட்ரம்ஸ் அம்மா கத்த, “நீ பேசாதே, நாற்பது வருஷப் பொய்க்காரி!” என்று பதில் வந்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் அவர் கடையின் பூதக்கண்ணாடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய கீறல்தான். முதல் அடியில் ‘டக் டக்’ என்று கேட்கும், ஊசி தாவாது. அப்படியும் அன்று முழுவதும் யாரிடமும் அவர் சரியாகப் பேசவில்லை.

புதுக் கண்ணாடி வாங்க வந்தபோது ட்ரம்ஸ் அம்மா சொன்னார்: “தெனமும் போன் பண்ணித் திட்டறா தம்பி. நேத்து நான் எடுக்கலைன்னு வீட்டுக்கே வந்துட்டா. உங்ககிட்ட வேற பாட்டும் இருக்காமே, கொண்டு வரச் சொல்றா. கையைக் கட்டிக்கிட்டு உக்காருவேன்னு சத்தியம் பண்றா.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போகிறார். எதை எடுத்துப் போவது என்று வெள்ளிக்கிழமையே கவலை தொடங்கிவிடும். மழை வருமோ, பேருந்தில் கூட்டம் இருக்குமோ? அங்கே இருவரும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். அவர் பிளேயரின் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு காவலிருப்பார்.