தையல்நாயகி சிஸ்டர் எழுதச் சொன்ன மூன்று குழந்தைகள்

"சிஸ்டர் நம்மள விட்டுப் பூட்டாங்க சார்." சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர் கதிர்வேலு என் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். இறங்கினால் அழுதுவிடுவார் என்று தெரிந்தது.

தையல்நாயகி அம்மையார் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் சுகாதார நிலையத்தின் செவிலியர். நான் அங்கே எழுத்தராக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வந்து சேர்ந்தபோது நிலையம் எல்லா விதத்திலும் தயாராக இருந்தது. பிரசவ அறை இருந்தது. மேற்பார்வைக்கு வருபவர்களுக்காக அதன் மேசையில் வெள்ளை விரிப்பு கலையாமல் இருந்தது. மருத்துவர் திங்களும் வியாழனும் வருவார்; மற்ற நாட்களில் ஆபத்தான பிரசவம் நேராது என்பது துறையின் நம்பிக்கை. ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து வரவிருந்தது. பல ஆண்டுகளாக வரவிருந்தது.

முதல் நாளே சிஸ்டர் கேட்டார்: "ரத்தம் நிக்கலன்னா இன்னா செய்வீங்க சார்?"

"டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்."

"எதுல?"

வாசலில் ஜீப் நின்றது. சிவப்பு முக்கோணம் தீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல மட்டும் தரப்பட்டது. பிள்ளை பெறுகிறவர்களை அதில் ஏற்றுவது திட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்று மேலதிகாரி ஒருவர் எழுத்திலேயே விளக்கியிருந்தார். படித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்காரு" என்றார் சிஸ்டர்.

வேறு வண்டி கேட்டு இரண்டாண்டுகள் விண்ணப்பித்தார். விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருந்தன.

ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில், உச்சிவெயிலில், அஞ்சலை என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் வெளியே ஓடிவந்தார்.

"வண்டிய எடு கதிர்வேலு."

"இன்னா சிஸ்டர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? இதுல புள்ள பெத்தவள ஏத்துனா எனக்கு மெமோ."

"ஆப்ரேசனுக்கு ஆள் இருந்தா?"

"தூக்கியாந்து ஏத்துவேன்."

"அப்ப தூக்கு. இவ ஆப்ரேசனுக்குத்தான் வரா. சார், ஃபாரத்த எடுங்க."

எத்தனை குழந்தைகள் என்று படிவம் கேட்டது; மூன்றுக்குக் குறைந்தால் அறுவை கிடையாது. நான் பேனாவோடு விழித்தேன்.

"மூணுன்னு போடுங்க சார். மீதி ரெண்ட அவ மெதுவா பெத்துக்குவா."

போட்டேன். கதிர்வேலு கடலூர் சாலையில் அன்று ஓட்டியதைப் போல் பின்னர் எப்போதும் ஓட்டியதில்லை. பின்னால் சிஸ்டர் அஞ்சலையின் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்தியபடியே போனார். அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி தூக்கிப்போட்டபோதும் கையை எடுக்கவில்லையாம். அஞ்சலை பிழைத்தாள்.

அறுவைக்குப் பதிவான பெண் ஏன் அறுவை செய்துகொள்ளவில்லை என்று மெமோ வந்தது. சிஸ்டரின் பதில்: "படிவத்தில் காட்டிய மூன்று குழந்தைகளில் இரண்டு இன்னும் பிறக்கவில்லை. பிறந்ததும் அனுப்பிவைக்கப்படும்." அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது.

துறையும் பாடம் கற்றது. வண்டி தரவில்லை, மருந்து தரவில்லை. குழந்தைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க இனி படிவத்தோடு ரேஷன் அட்டையும் காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

அடுத்த ஐப்பசியில் இன்னொரு பெண் அதே நிலையில் வந்தாள். நான் அட்டை கேட்டேன். அவள் கணவன் மழையில் வீட்டுக்கு ஓடினான். அவன் அட்டையோடு திரும்பியபோது அதற்குத் தேவை இருக்கவில்லை.

சிஸ்டர் கை கழுவிவிட்டு என் மேசைக்கு வந்தார். "நீங்க ரூல் படிதான் சார் செஞ்சீங்க" என்றார். அதைவிடக் கடுமையாக என்னை எவரும் ஏசியதில்லை. படிவக் கட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு பிரசவ அறைக்குப் போனார். அன்றுமுதல் அவரே எழுதினார். எந்தெந்தப் பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள் கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. கதிர்வேலுவும் அட்டை கேட்டதில்லை. இருவரும் வாங்கிய மெமோக்களை அடுக்கி எரித்தால் ஒரு பிரசவத்துக்கு வெந்நீர் போடலாம்.

அவர் மறைவுக்கு அலுவலகம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. "விதிமுறைகளை மதித்து நடந்தவர்" என்கிறது அது. இறந்தவர் மீது சுமத்தப்பட்ட இந்த அவதூறை, உடன் பணியாற்றியவன் என்ற முறையில் மறுக்கிறேன்.

புதன்கிழமை சுடுகாட்டுப் பாதையில் பெண்களும் நடந்து வந்தார்கள். வழக்கமில்லையென்று பெரியவர் ஒருவர் தடுத்துப் பார்த்தார். ஒருத்தியும் நிற்கவில்லை.

போய்வாருங்கள், சிஸ்டர். விதிகளைக் காப்பாற்ற நாங்கள் இருக்கிறோம்.