முப்பது நாள் எண்ணச் சொன்ன டீச்சர்

என் மகள் ஷாமினி என்னைக் கைப்பேசியில் அழைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜோகூரில் வேலை பார்க்கிறாள். அழைப்பதெல்லாம் தன் அம்மாவைத்தான். ஆகவே, போன மாதம் ஒரு மத்தியானம் ஆசிரியர் அறையில் அவள் பெயர் திரையில் வந்தபோது, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறித்தான் எடுத்தேன்.

"அப்பா, மங்களேஸ்வரி டீச்சர் தவறிட்டாங்க. நாளைக்கு எடுக்கறாங்களாம், காம்பார் வீட்டுல. நான் வாரேன்."

"சரி" என்றேன். வைத்துவிட்டாள்.

காம்பார் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் டீச்சருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஈப்போவில் ஒன்பது ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் என்பதால் என்னையும் கேட்டார்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க சார்" என்றார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டீச்சரின் மாணவி ஒருத்தி ஒருமுறை தமிழ் நாளிதழ்களில் வரும் மரண அறிவிப்புகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினாள். செத்தவர்கள் எல்லாரும் அன்பே உருவானவர்கள், பண்பின் சிகரங்கள். சண்டைக்காரர் ஒருவர்கூட இந்த நாட்டில் சாகவில்லை என்று முடித்திருந்தாள். டீச்சர் அதை ஆசிரியர் அறை முழுக்கக் காட்டிவிட்டு, "நான் போனா எனக்கு இப்படிப் போட்டீங்கன்னா, எழுந்து வந்து பென்சிலால அடிப்பேன்" என்றார். அவர் விருப்பத்தை மதித்தே எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது.

பிடிக்காமல் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டுதோறும் எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்குள் மாணவர் ஆய்வுக் கட்டுரைப் போட்டி நடக்கும். நலம், அறிவியல், சமூகம், இலக்கியம் என்று நான்கு பிரிவுகள். மாணவர்கள் தடுமாறக் கூடாது என்று நான் ஒரு தலைப்புப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். புகைப்பதன் தீமைகள், மறுசுழற்சியின் பயன், கைப்பேசியும் இளைஞரும், தாய்மொழியின் சிறப்பு என்று நாற்பது தலைப்புகள். பல ஆண்டு உழைப்பு. டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். என் மாணவர்கள் ஆறு பேர் எதிரில் நிற்கிறார்கள்.

"இது தலைப்பு இல்ல சார். சாடின் டின். எதத் திறந்தாலும் ஒரே மீன்தான் இருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பட்டியலுக்குப் பள்ளியில் சாடின் டின் என்றே பெயர். அவர் காம்பாருக்கு மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அவருடைய முறை வேறு. "உன் வீட்டு வாசலுக்கு வெளிய இருக்கற தலைப்பு எனக்கு வேணாம்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். விளைவைச் சுமப்பது யார்? அறிவியல் பிரிவுக்காக ஒரு பையனை அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அந்தத் தண்ணீர் கெட்டது என்று அவன் எழுதியது ஊருக்குள் பரவியது. பக்கத்தில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தவர்கள் பள்ளிக்குக் கடிதம் போட்டார்கள். தமிழ்ப் பகுதிக்கு நான் தலைவன் என்பதால் தலைமையாசிரியர் முன் நின்று வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான். விளக்கக் கடிதம் எழுதியவனும் நான். டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா? "போட்டிக்குத்தான் எழுதறோம்னு குட்டைக்குத் தெரியாதே சார்." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இவையெல்லாம் சின்ன மனத்தாங்கல்கள். வயதானால் மறந்துவிடலாம். மறக்க முடியாத ஒன்றும் செய்தார்.

எங்கள் வீடு கோப்பெங்கில். ஷாமினி காம்பார் பள்ளியில், இதே டீச்சரிடம் படித்தாள். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில் அவளும் போட்டியில் சேர்ந்தாள். நலப் பிரிவு, நீரிழிவு நோயும் உணவுப் பழக்கமும் என்று தலைப்பையும் நானே சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினாள். அந்த ஆண்டு நான் சமூகப் பிரிவுக்கு நடுவர். மகள் இருப்பது வேறு பிரிவு என்பதால் எனக்கு உறுத்தல் இல்லை. கட்டுரைகளில் மாணவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். போட்டியின் செயலாளர் மங்களேஸ்வரி டீச்சர். கட்டுரைக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தவரும் அவர்தான்.

மூன்றாவது கட்டுரையைப் பிரித்தேன். ஒரு மாணவி, தன் வீட்டில் 'தந்தை அ' என்பவர் மகளிடம் பேசும் சொற்களை முப்பது நாள் எண்ணிக் குறித்திருந்தாள். வினாப் படிவம் கொடுத்தால் எல்லாரும் பொய் சொல்வார்கள், கூட இருந்து எண்ணு என்பது டீச்சரின் பாடம். நாளுக்கு ஒரு வரிசையாக அட்டவணை. முதல் நாள்: 'சாப்டியா', 'லைட்ட அடை'. இரண்டாம் நாள்: 'படி'. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மற்ற நடுவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன். தாப்பாவிலிருந்து நடுவராக வந்திருந்த முனியாண்டி மேசையில் அடித்துச் சிரித்தார்.

"யாருலா இந்த ஆளு? வாயில ரப்பர் பாலு ஒறஞ்சு போச்சா?"

"இந்தாளுக்கு எப்படிக் கல்யாணம் ஆச்சுன்னு அடுத்த வருசம் ஆராயச் சொல்லணும்" என்றேன் நான். அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தொடர்ந்து படித்தேன். தந்தை அ ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். பலகைச் சுவர், ஒரு வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அங்கே பேசாமல் இருப்பதே மரியாதை என்று அவர் கற்றிருக்கலாம். இதைப் படிக்கும்போதும் எனக்கு உறைக்கவில்லை. பேராக் மாநிலத்தில் பாதிப் பேர் லயத்தில் வளர்ந்தவர்கள்தானே. அடுத்த பத்தி இது: 'வெளியே கிளம்பும்போது தந்தை அ "போகலாம்" என்று சொல்வதில்லை. கார்ச் சாவியால் மேசையில் இரண்டு முறை தட்டுவார். இரண்டாவது தட்டுக்குள் நாங்கள் செருப்பு மாட்டியிருக்க வேண்டும்.'

முனியாண்டியின் சிரிப்பு நின்றது. "சார்... நீங்க தட்டறீங்க" என்றார்.

என் வலது கையைப் பார்த்தேன். சாவி அதில்தான் இருந்தது.

நீரிழிவுத் தலைப்புக்குத் தலையாட்டியவள் எழுதியது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து கட்டை வாங்கியிருக்கலாம். அதற்கும் முன்பே, என் முன்னால் வைக்காமலே இருந்திருக்கலாம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முழுசா படிச்சிட்டு முடிவு எழுதுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

நான் அதற்கு மேல் ஒரு பக்கமும் புரட்டவில்லை. முடிவுச் சீட்டில் 'பிரிவுக்குப் பொருந்தாத தலைப்பு, தள்ளுபடி' என்று எழுதினேன். தவறு என்று தெரிந்தே எழுதினேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டை டீச்சர் கட்டுரையோடு சேர்த்து என் மகளிடமே திருப்பிக் கொடுத்தார். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? காம்பாருக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே டீச்சர். சின்னப் பிள்ள அது."

"எழுதினது நீங்க. கிழிக்கற வேலைய எனக்கு ஏன் குடுக்கறீங்க?"

ஷாமினி வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கப் போனாள், வேலைக்குப் போனாள். விடுமுறைகளில் வருவது குறைந்தது. எனக்கு வந்துகொண்டிருந்த அழைப்பு நின்றது. ஒரு தகப்பனை அறை நிறைய ஆட்களுக்கு முன்னால் உரித்துக் காட்டி, மகளையும் எட்ட நிறுத்திய ஓர் ஆசிரியரைப் பற்றி நல்ல வார்த்தை கேட்கிறார்கள்.

இழவு வீட்டுக்குப் போனேன். ஷாமினி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது, சாவி என் கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டேன்.

"எப்படிப் போற?"

"ஈப்போவுல பஸ் ஏறணும்ப்பா. சாயந்தரம் அஞ்சுக்கு."

"நான் கொண்டு விடறேன். போலாம்."

காரில் ஏறியதும் டீச்சரைத் திட்டத் தொடங்கினேன். சாடின் டின், ஈயக் குட்டை, கட்டுரைக் கட்டு, சீட்டு, ஒன்றையும் விடவில்லை. கோப்பெங் வரைக்கும் நான் திட்டினேன். எங்கள் வீட்டுத் தெருமுனையைத் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"டின்ன அவங்க டின்னுன்னு சொன்னாங்க. வேற என்ன சொல்றது? என் கட்டுரைய நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? என் மானம் போனது பத்தலையா?"

"முழுசா படிங்கன்னுதானே சொன்னாங்க. என் மேல அவங்களுக்கு எவ்ளோ கோவம் தெரியுமா? போட்டிக்கு அனுப்பும்போதே கடைசிப் பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்க. அதுக்கு என்னால இன்னும் பதில் எழுத முடியலப்பா."

பையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். அன்று எனக்கு முன்னால் வரும்போதே அந்தப் பென்சில் வரி அதில் இருந்திருக்கிறது. பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த அதைப் படித்தேன்.

'அப்பாவின் சொற்களை எண்ணினாய். நீ அவரிடம் பேசிய சொற்களை ஏன் எண்ணவில்லை?'

இப்படி ஒருவர் எனக்காகக் கேட்டிருக்கிறார் என்பது இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. மேசைக்குக் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காம்பாரில் நான் கத்தியபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்விட்டார். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன், இதுதான் பெரியது.

பஸ் வருவதற்குள் ஷாமினியிடம் அந்தக் கட்டுரையைக் கேட்டேன். "முழுசா படிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கணும். நேருல" என்று கொடுத்தாள். படித்துவிட்டேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மங்களேஸ்வரி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பென்சில் வரி ஒன்றுதான். அடுத்த வாரம் ஜோகூர் போகிறேன். கட்டுரையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு என் பங்குப் பதிலையும் வாயால் சொல்ல வேண்டும்.