பூதத்தின் உள்பக்க முடிச்சுகள்

படைவீரர்களுக்கான கம்பளிப் பின்னல் குழுவின் பதினோராவது விதிப்படி, பின்னி முடித்தபின் மிஞ்சும் நூலில் ஒரு கஜத்துக்குக் குறைந்த துண்டுகளைக் குழு திரும்பக் கேட்காது. அவை பின்னியவரையே சேரும். பன்னிரண்டாவது விதிப்படி, குழுவிடம் எழுத்தில் கேட்கப்படும் எதற்கும் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரும். விதிகளை அச்சடித்து, கோடைக்கானலில் எங்கள் பள்ளி மண்டபத்துக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்கள். கதவு எப்போதும் சுவரோடு சாத்தித் திறந்தே இருக்கும் என்பதால் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். படித்ததற்கு எனக்கு ஒரு வேலை போயிற்று.

யுத்தத்தின் மூன்றாம் ஆண்டு அது. முதல் வகுப்புக்கும் தையலுக்கும் நான் தற்காலிக ஆசிரியை. ஐந்து ஆண்டுகளாகத் தற்காலிகம். பள்ளிக் குழு உறுப்பினர்கள் சீசனுக்கு மலையேறி வரும் மே மாதத்தில்தான் கூடுவார்கள். அடுத்த மே கூட்டத்தில் என்னை நிரந்தரமாக்குவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, பணிப்பதிவேட்டில் என் பக்கத்தில் எந்தக் குறிப்பும் ஏறக்கூடாது. ஐந்து ஆண்டுகளில் ஏறவில்லை. ஏறும்படி நடந்துகொள்ள எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமைதோறும் மண்டபத்தில் பெண்கள் கூடி, காக்கிக் கம்பளியில் காலுறை, கையுறை, குரங்குக் குல்லா பின்னினோம். குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மனைவி. பின்னத் தெரியாதவர், அதனால் எல்லோர் பின்னலையும் அவர்தான் சரிபார்த்தார். அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டார். பையை மேசையில் வைத்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். அவரே பையைக் கவிழ்ப்பார். குல்லா என்றால் அடிக்கரையில் பின்னல் கண்ணிகளை எண்ணுவார். கரையின் உயரத்தையும் குல்லாவின் மொத்த உயரத்தையும் அளவுகோலால் அளப்பார். மூன்றும் பொருந்தினால் தன் கையெழுத்திட்ட துணிச்சீட்டைத் தைத்து, குழுவின் மதராஸ் கிடங்குக்கு அன்றே பார்சலாகப் போகும் குவியலில் போடுவார். நான்காவதாக எதையும் பார்த்ததில்லை.

இனி பூதம். முதல் வகுப்புக் கதைப்புத்தகத்தில் ஏரிக்குள் வாழும் ஒற்றைக்கண் பூதம் ஒன்றின் படம் இருந்தது. பாதி முகம் வாய். அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் புத்தகத்தை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு மாதமாக வகுப்பு அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. பொம்மை என்றால் எனக்கு ஆகாது. ஆனால் உதைக்க ஒரு பூதம் கிடைத்தால் மீதிக் கதையைப் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பூதத்துக்கென்று யாரும் பின்னல் குறிப்பு அச்சடிக்கவில்லை. இருந்ததைத் திருத்தினேன். உடம்புக்குக் குரங்குக் குல்லாவின் குறிப்பு. அடிக்கரையிலிருந்து உயரம்வரை ஒரு கண்ணி மாற்றவில்லை. முகம் தெரிய விடும் ஓட்டையைக் காதுவரை அகற்றினேன்; அது வாய். ஓட்டையின் விளிம்பில் கண்ணிகளை எடுத்துக் கூர்கூராகக் குறைத்தேன், அவை பல். காலுறைக் குறிப்பிலிருந்து குதிகாலை மட்டும் எடுத்து உச்சந்தலையில் திருப்பினேன். அது கண் பிதுங்கும் புடைப்பு. கையுறையின் கட்டைவிரல் இரண்டு பின்னினால் கொம்பு. உள்ளே திணிக்கப் பண்ணைக்காட்டிலிருந்து இலவம்பஞ்சு சொல்லிவைத்திருந்தேன்.

நூல்? மற்றவர்கள் தங்கள் துண்டு நூல்களைக் கணப்பில் போட்டார்கள். நான் கேட்டு வாங்கினேன். முழ நீளம், சாண் நீளம். எல்லாவற்றையும் முடிந்து முடிந்தே பின்னினேன். உடுப்பாக இருந்தால் முடிச்சே தெரியாமல் கோத்திருப்பேன். பொம்மையின் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். உடம்போடு நூல் தீர்ந்தது, கொம்புக்குச் சேரவில்லை.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, எனக்குத் தந்த நூலில் முடித்த குல்லாவைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பூதத்தின் உடம்பும் அதே பையில் இருந்தது. மாலையில் பை திரும்பி வந்தது. திறந்து பார்க்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இந்த விவகாரத்தில் தவறை ஒப்புக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை, கடைத்தெருவில் நூலும் பொத்தானும் விற்கும் பாய் கடைக்குப் போனேன்.

"வாங்க டீச்சரம்மா. என்ன இம்புட்டு வெள்ளனே?"

"பெரிய கறுப்புப் பொத்தான் ஒண்ணு குடுங்க பாய்."

"ஒண்ணா? ஒத்தைப் பொத்தானுக்கு எந்த ஊருல சட்டை தைக்கிறாங்க?"

"சட்டைக்கு இல்ல, பூதத்துக்கு. ஒத்தைக் கண்ணு."

"அப்ப வாயி பெருசா இருக்கணுமே!"

"இருக்கு. குரங்குக் குல்லாவோட மூஞ்சி ஓட்டைதான் வாயி. காக்கி நூல்."

பின்னால் ரிப்பன் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் திரும்பினார்.

"காக்கி நூலா? பாய், நீங்க காக்கி நூல் விக்கிறீங்களா?"

"இல்லீங்கம்மா. யுத்தம் வந்ததுலருந்து அது கண்ணுலயே படல."

"அப்ப மிஸ்ஸுக்கு எங்கருந்து வந்துச்சு? ஸ்டாக்ல மூணு அவுன்ஸ் கொறையுது. ஒரு மாசமாத் தேடுறேன்."

"துண்டு நூல். பதினோராவது விதிப்படி..."

"ரூல் எனக்கே சொல்றீங்களா? பொருளைக் காட்டுங்க."

பையைத் திறந்தேன். பக்கவாட்டில் செருகியிருந்த இரண்டு ஊசிகள் மட்டும் இருந்தன. அப்போதுதான் புரிந்தது.

"வியாழக்கிழமை நீங்க பையைக் கவுத்தப்ப அதுவும் விழுந்திருக்கு. குல்லாவோட குல்லாவாப் பார்சல்ல போயிருச்சு."

"நான் அளந்து, நானே சீட்டுத் தச்சு, மிலிட்டரிக்குப் பூதத்தை அனுப்பிட்டேங்கிறீங்க?"

"ஆமா."

பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். "பொத்தானைக் கட்டவா, வேண்டாமாம்மா?" என்றார். கட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் செயலாளரின் பேரேடு மேசையில் விரிந்திருந்தது. என் பெயருக்கு நேரே, அவர் கையெழுத்தில்: குல்லா, இரண்டு.

"ஒரு குல்லாவுக்குத்தான் நூல் வாங்கினேன். ரெண்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றார் செயலாளர். "ரெண்டாவதுக்கு நூல் ஏது?"

அதாவது, நூலைத் திருடி, அந்த நூலிலேயே படைவீரனுக்கு இன்னொரு குல்லா பின்னி, யாரும் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த திருடி நான். அது போதாதென்று, பூதம் என்று ஒன்று தனியே என் வீட்டில் ஒளிந்திருக்கிறது. மேசையில் விழுந்தது பூதம்தான் என்று ஒப்புக்கொண்டால் அளவுகோல் தோற்றுவிடும். அதைவிட நான் திருடியாவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"அதோட உள்பக்கத்தைப் பாத்தாத் தெரியும்," என்றேன். "முழுக்க முடிச்சு. எந்தத் துண்டும் ஒரு கஜம் தேறாது."

"எங்க பாக்கறது? அனுப்பின பார்சலைத் திருப்பச் சொல்லி யாரு கேக்கறது?"

"நான் கேக்குறேன்."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சோலியெல்லாம்? நேராப் பாடத்தை நடத்திட்டுப் போயிருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே பேனாவை மையில் தொட்டு, பணிப்பதிவேட்டில் என் பக்கத்தில் எழுதினார்: கம்பளி நூல் காணாமற்போனது குறித்து விசாரணை நிலுவையில் உள்ளது. அன்றே மதராஸ் கிடங்குக்கு எழுதினேன். என் பெயருக்கு வந்த இரண்டு குல்லாக்களில் ஒன்றின் உச்சியில் குதிகால் இருக்கும். அதைத் தேடி எடுத்து, உட்புறத்தைப் பார்த்துச் சான்றளிக்கவும்.

பன்னிரண்டாவது விதி சொன்ன பதினான்கு நாள் கழிந்தது. நினைவூட்டல் எழுதினேன். மறு நினைவூட்டல். பதிவுத் தபாலில் மூன்றாவது. மே மாதம் குழு கூடியபோது என் பக்கத்தில் நிலுவை நிலுவையாகவே நின்றது. ஐந்து ஆண்டு வேலை பார்த்த இடத்தில், தையல் ஊசியில் நூல் கோக்கத் திணறும் ஒரு பெண்ணை நிரந்தரமாக்கினார்கள். என்மேல் யாரும் குற்றம் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். நிலுவைக்கு மேல்முறையீடு கிடையாது.

கீழ்மலையில் பாச்சலூரில் ஒற்றை ஆசிரியைப் பள்ளி ஒன்று காலியாக இருந்தது. அங்கே போனேன். போகுமுன் கிடங்குக்கு முகவரி மாற்றம் எழுதினேன்.

அடுத்த ஆண்டு பாச்சலூருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பூதத்தின் உடம்பு, நசுங்கி, கற்பூர வாசனையோடு. செயலாளர் கையெழுத்திட்ட துணிச்சீட்டு அப்படியே இருந்தது. கூடவே கிடங்கின் குறிப்பு: மேற்படி குல்லாவின் முகத்துவாரம் மிக அகலம், விளிம்பில் பற்கள் போன்றவை உள்ளன, உச்சியில் குதிகால் உள்ளது, காரணம் தெரியவில்லை, நூல் முழுவதும் ஒரு கஜத்துக்குக் குறைந்த துண்டுகளாலானது, முடிச்சுகள் எண்ணற்றவை, படைவீரர் உபயோகத்துக்கு லாயக்கற்றது, திருத்தி அனுப்பவும்.

ஏழு வரியில் என்மேல் இருந்த பழியைக் கழுவிவிட்டார்கள், என்னைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு.

அந்த வார வியாழக்கிழமை, பண்ணைக்காடு வரை நடந்து, அங்கிருந்து காப்பி மூட்டை லாரியில் மேலே போனேன். மண்டபத்தில் செயலாளர் மேசையில் இருந்தார். நான் பையைக் கவிழ்த்தேன். அவர் கை, பழக்கத்தில், அடிக்கரையைப் பிடித்துக் கண்ணிகளை எண்ணியது. பிறகு அளவுகோலை எடுத்தது. பின்னிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சரியாத்தான் இருக்கு," என்றார், குனிந்தபடியே.

"சரியாத்தான் இருக்கும். உள்பக்கம் திருப்புங்க."

திருப்பினார். முடிச்சுகள் அவரைப் பார்த்தன. மூலையிலிருந்து ஒரு பெண், "ஐயோ, பல்லெல்லாம் இருக்கு!" என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். செயலாளர் எழுந்து, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மன்னிப்பு விதிகளில் இல்லை, நானும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை பதிவேட்டைக் கொண்டுவந்து, அந்தக் குறிப்பைச் சுரண்டி அழித்துவிடலாம் என்றார்.

"சுரண்டக் கூடாது," என்றேன். "சிவப்பு மையில் அடிச்சு, பக்கத்துல காரணமும் தேதியும் எழுதி, கையெழுத்துப் போடணும்."

"இடம் நெரம்பிருச்சும்மா. உங்களுக்கு இனி இது எதுக்கு?"

"எழுதுங்க."

அவர் குறிப்பை அடித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை. கிடங்குக்கு எழுதிக் கேட்ட நாள், 1941 நவம்பர் 3. பதில் கிடைத்த நாள், 1943 மார்ச் 9.