ஜெர்மன் கிளப்புகளின் சம்பளம்

2009 மே மாதத்தில் டென்மார்க்கின் ஹேர்னிங்கிலிருந்து பிராண்டே தொழிற்சாலைக்கு நாங்கள் நான்கு தமிழர் ஒரே காரில் போய்வந்தோம். காரை ஓட்டியவர் ஒல்லியானவர். கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில் இருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் மடியிலிருந்த ஜெர்மன் கால்பந்துப் பத்திரிகையை விரித்துவிடுவார்.

“இங்கிலீசுக் கிளப்புகள் கடன்பட்டும் சம்பளம் குடுப்பினம். ஜெர்மன்காரர் வாற வருமானத்தைப் பார்த்துத்தான் குடுப்பினம்,” என்பார்.

எங்களுக்கோ அப்போது வன்னியைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் பின்னாலிருந்தவர் வெடித்துவிட்டார்.

“அண்ணை, அங்கை சனம் சாகுது. உங்களுக்குப் பந்தடிக்கிறவன்ர சம்பளமோ?”

அவர் கோபப்படவில்லை.

“என்ர தம்பியும் அங்கைதான் நிக்கிறான். ஜெர்மன் கிளப்பெண்டால் அவனுக்கு உயிர். போன் எடுத்தால் முதல் இதைத்தான் கேப்பான். ரெண்டு மாசமா எடுக்கேல்லை. எடுக்கிற நேரம் நான் தெரியாதெண்டு சொல்லக்கூடாது.”

அதன்பிறகு யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை.

போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த மறுநாள் அவர் பத்திரிகை இல்லாமல் வந்தார். சிவப்பு விளக்கில் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பெற்றோல் அடிக்க நின்றபோது இறங்கிப் போய், அந்தப் பத்திரிகையை வாங்கிவந்து அவர் மடியில் வைத்தேன். செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த விளக்கில் அதை விரித்தார். பச்சை விழுந்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்ன் அடிக்கவில்லை.