கிளினிக் கேட்டில் பாஸிவ் வாய்ஸ்

நாற்பத்தேழு வயதில் பத்தாவது இங்கிலீஷ் பரீட்சைக்கு டியூஷன் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கே தெரியாது. "வேனுக்கு ஆயில் மாத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

"வாரத்துக்கு மூணு தடவை ஆயில் மாத்துறதுக்கு அது வேனா, இல்ல வடைச்சட்டியா?" என்று கேட்டவள் என் சம்சாரம். அவளும் இதைப் படிக்கட்டும். இன்றைக்கு மறைக்கத் தெம்பில்லை.

டியூஷனில் என் பக்கத்தில் உட்காரும் தங்கராசு அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்.

ஐம்பத்து மூன்று வயது. நேற்று சாயங்காலம்கூட என் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்த மனுஷன்...

காலையில் அவர் நம்பரிலிருந்து போன். "என்ன தொரை, ஹோம்வொர்க் முடிஞ்சுச்சா, இல்ல இன்னைக்கும் என் நோட்டுதானா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவர் மகள். "மாமா... அப்பா எந்திரிக்கவே இல்ல மாமா..."

அந்தப் பிள்ளை காதில் என் கேலிதான் முதலில் விழுந்தது.

அண்ணன் சோழவந்தான்காரர். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. "பத்தாவது பாஸ் பண்ணிட்டு வாங்க, உள்ள டோக்கன் கொடுக்கிற எடத்துல உக்கார வைக்கிறேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மற்ற பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் இரண்டு முறை போச்சு. இரண்டாவது தடவை நாலே மார்க்கில்.

"எம்புட்டுப் படிச்சாலும் இந்த பாஸிவ் வாய்ஸ் மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குதே மாப்ள" என்பார். தினமும் பத்து வாக்கியம் மாற்றி எழுதிப் பழகச் சொன்னார் டியூஷன் மிஸ். அண்ணன் எதில் எழுதிப் பழகினார் தெரியுமா? கிளினிக் விசிட்டர் ரிஜிஸ்டரில்.

வந்த காரணம் எழுதும் கட்டம் முழுக்க பாஸிவ் வாய்ஸ். "டாக்டர் இஸ் சீன் பை மாரியப்பன்." "மதர் இன் லா இஸ் பிராட் பை டாட்டர் இன் லா." "இன்ஜெக்‌ஷன் இஸ் ஃபியர்ட் பை போலீஸ்." ஒரு மாதம் யாருமே கவனிக்கவில்லை.

கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டார். "யாருய்யா இதை எழுதுனது?" என்று ஒரே சத்தம். அண்ணன் அட்டென்ஷனில் நின்று, "இட் வாஸ் ரிட்டன் பை மீ சார்!"

"கரெக்டாத்தான்யா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம் டாக்டர். அன்றைக்கு டியூஷனில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார் அண்ணன்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச் வந்தபோது நான் சும்மா இருப்பேனா... "அண்ணே, மதினி உங்களைத் திட்டுறதை அப்படியே மாத்தி எழுதுங்கண்ணே, நூறு மார்க் நிச்சயம்" என்றேன்.

"போ மாப்ள. அவ பேசுறதுல கேள்வி, உத்தரவு, ஆச்சரியம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். மிஸ்ஸாலயே மாத்த முடியாது."

மிஸ் சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

திங்கட்கிழமை பரீட்சை. இன்று இரண்டு பேரும் சேர்ந்து போய் ஹால் டிக்கெட் எடுப்பதாக இருந்தோம். தனியாகப் போனேன். "ரெண்டு பேருக்குந்தானேண்ணே?" என்று கேட்டார் பிரவுசிங் சென்டர்காரர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே சோழவந்தான். கூட்டத்தில் மதினி என்னைப் பார்த்ததும், "உங்க அண்ணே இந்தத் தடவ பாஸாயிருவேன்னு சொன்னாகளே..." என்று அழுதது.

போயிட்டு வாங்கண்ணே. திங்கக்கிழமை நான் போய் எழுதுறேன்.

மாலை போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த இரண்டு ஹால் டிக்கெட்டும் நழுவி ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. நாலு பேர் பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்கள். அண்ணனுடையது கிடைத்தது. என்னுடையதை மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டும்.